பெற்றோரின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவு: கையெழுத்திட முடிகிற காலத்திலேயே செய்து முடிக்க வேண்டியவை

பக்கவாதமோ மறதி நோயோ பார்க்கின்சன் நோயோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால், மருத்துவமனைச் செலவு பெரும்பாலும் சில வாரங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். அதற்குப் பின் வீட்டில் தொடங்கும் பராமரிப்புச் செலவுக்கு முடிவுத் தேதி கிடையாது. என் தந்தை படுக்கையில் விழுந்த பிறகு வங்கி, காப்பீட்டு அலுவலகம், சார்பதிவகம் என்று அலைந்து தெரிந்துகொண்டவற்றை, அந்த அலைச்சல் உங்களுக்கு நேராதபடி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பணம் இல்லாமல் திண்டாடும் குடும்பங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பணம் இருந்தும், அது தந்தையின் பெயரில் இருக்கிற காரணத்தால் எடுக்க வழியின்றித் திண்டாடும் குடும்பங்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அதனால்தான் இவ்வழிகாட்டியில் சேமிப்பைவிடக் கையெழுத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இதிலுள்ள விதிகள் இந்தியாவுக்குரியவை. மாநில விவரங்கள் தமிழ்நாட்டுக்குரியவை.

1. காப்பீடு எதற்குப் பணம் தராது என்பதை முதலில் படியுங்கள்

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியில் 05 என்ற எண்ணைத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. ஓய்வுக்காகச் சேர்க்கப்படுவது, மறுவாழ்வுப் பயிற்சி, வழக்கமாகப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வளிக்கும் இடைக்காலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கும், வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடமாட உதவுதல் போன்ற அன்றாட உதவிகளுக்கும் பணம் தரப்படாது என்று அது சொல்கிறது. அந்த உதவியைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தாலும் பயிற்சியற்ற உதவியாளர் செய்தாலும் விலக்கு ஒன்றுதான். நீண்டகாலப் பராமரிப்பு என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த ஒரே வரியில் அடிபட்டுப் போகிறது. ‘வீட்டிலேயே சிகிச்சை’ என்று விளம்பரத்தில் வருவது, மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டிய ஒரு சிகிச்சையைக் குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி வீட்டில் செய்வதை மட்டுமே குறிக்கும்.

அரசுத் திட்டங்களும் இந்த விஷயத்தில் வேறுபட்டவை அல்ல. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 70 வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் ஆகிய இரண்டும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியவை. உதவியாளர் சம்பளத்துக்கு அவற்றில் வழியில்லை.

அப்படியானால் காப்பீடு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஒரு முறை மருத்துவமனையில் சேர்ப்பதற்கே பராமரிப்புக்கான சேமிப்பு கரைந்துவிடாமல் காப்பது அதுதான். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவலை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க முடியாது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தை முகவர் நிரப்பித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உட்பட எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பின்னால் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை அந்தத் தாளில்தான் தொடங்குகின்றன.

2. மாதச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள்

முதலில் ஆள் செலவு. பகல் மட்டும் வருபவர், இரவும் பகலும் தங்குபவர், பயிற்சி பெற்ற ஹோம் நர்ஸ் என்று மூன்று நிலைகளுக்கும் உங்கள் ஊரில் குறைந்தது மூன்று ஏஜென்சிகளிடம் இப்போதே விலை கேட்டு எழுதி வையுங்கள். தேவை வந்த பிறகு கேட்டால் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அடுத்தது தீர்ந்துபோகும் பொருள்கள்: டயாப்பர், கையுறை, படுக்கை விரிப்பு, சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதானால் அதற்கான உணவுப் பொடி. மூன்றாவது கருவிகள். மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் கருவி ஆகியவற்றை முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தையை மட்டும் தயங்காமல் சொந்தமாக வாங்கிவிடலாம், ஏனெனில் ஒரு புண்ணை ஆற்ற ஆகும் செலவு அந்த மெத்தையின் விலையை எளிதில் தாண்டிவிடும். இவற்றோடு பிசியோதெரபி, மருந்து, வீட்டுக்கு வரும் மருத்துவரின் கட்டணம், பரிசோதனைகளுக்கு ஆம்புலன்ஸ் வாடகை ஆகியவற்றைச் சேருங்கள்.

பலர் எழுத மறக்கும் செலவுகள் உண்டு. உதவியாளருக்கு மூன்று வேளை உணவு, அவர் விடுப்பில் போகும் நாள்களுக்கு மாற்று ஆளின் சம்பளம், கூடும் மின் கட்டணம், குளியலறையில் கைப்பிடி பொருத்தும் வேலை, இவற்றுக்கெல்லாம் மேலாகக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டால் நின்றுபோகும் வருமானம். தாயோ தந்தையோ மற்றவரைப் பார்த்துக்கொள்ளும் வரை செலவே இல்லாததுபோலத் தோன்றும். அது சம்பளம் வாங்காத ஓர் உழைப்பின் மேல் நிற்கும் கணக்கு. அவர் ஓய்ந்துவிட்டால் ஒரே மாதத்தில் இருவருக்கும் சேர்த்துச் செலவு தொடங்கிவிடும்.

பிறகு பணவீக்கத்தைப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, இன்று மாதம் 40,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகளுக்கு 24 லட்சம் என்று மனம் கணக்கிடும். ஆனால் உங்களுக்கு அந்தத் தேவை பத்து ஆண்டுகள் கழித்து வருகிறது, செலவு ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்கிறது என்று எடுத்துக்கொண்டால், அப்போது மாதச் செலவு ஏறத்தாழ 86,000 ரூபாயாகவும், அங்கிருந்து ஐந்து ஆண்டுகளுக்கான மொத்தம் ஏறத்தாழ 61 லட்சமாகவும் இருக்கும். இது அச்சுறுத்துவதற்காகச் சொன்ன கணக்கன்று. இடையில் உள்ள பத்து ஆண்டுகளில் சேமிப்பும் வளரும். எந்தத் தொகையை நோக்கிச் சேமிக்கிறோம் என்பது தெரியாமல் சேமிப்பவர்கள்தான் பெரும்பாலும் 24 லட்சத்தில் நின்றுவிடுகிறார்கள்.

3. மாதந்தோறும் உள்ளே வரும் பணத்தை அமையுங்கள்

பராமரிப்பு மாதச் செலவாக வருவதால் வருமானமும் மாதந்தோறும் வந்தால்தான் உதவும். அரசு ஓய்வூதியராக இருந்தால் ஓய்வூதிய ஆணையை, அதாவது பி.பி.ஓ.வை எடுத்து, பிறந்த தேதியும் துணைவரின் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கத் தொடங்கும். பிறந்த தேதி தவறாக இருந்தால் அதுவும், பெயர் மாறியிருந்தால் பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் தடைபடும். திருத்தத்துக்குப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஓய்வூதியர் தாமே விண்ணப்பிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் முதல் தூணாக அமையும். 60 வயது நிறைந்தவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். கணவன் மனைவி இருவரும் தகுதியுடையவர்களாக இருந்தால் தனித்தனியே 30 லட்சம். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவித்தாலும், கணக்குத் தொடங்கிய நாளின் விகிதமே ஐந்தாண்டுகளுக்கும் தொடரும். 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். இதற்குத் துணையாக அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனிநபர் 9 லட்சமும் கூட்டுக் கணக்கில் 15 லட்சமும் போடலாம். மொத்தப் பணத்தையும் இப்படிப் பூட்டிவிடாமல், ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வைத்திருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் அசலில் 1.5 விழுக்காடும், அதற்குப் பின் ஐந்தாண்டுகளுக்குள் என்றால் 1 விழுக்காடும் கழிப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வைப்புத்தொகை போட வங்கிக்குப் போகும் முதியவரிடம் ‘இதில் வட்டி அதிகம்’ என்று சொல்லிக் காப்பீட்டுத் திட்டமொன்றில் கையெழுத்து வாங்கிவிடுவது இன்றும் நடக்கிறது. ரசீதில் ‘பிரீமியம்’ என்ற சொல் இருந்தால் அது வைப்புத்தொகை அன்று. பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் எழுத்துமூலம் திருப்பி அளித்துப் பணத்தைப் பெறலாம் என்பதால், பெற்றோர் வங்கிக்குப் போய்வந்த வாரமே ரசீதுகளைப் பார்த்துவிடுங்கள்.

4. கையெழுத்து நின்றாலும் பணம் நிற்காதபடி ஏற்பாடு செய்யுங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தொடங்கலாம். கூட்டுக் கணக்கு என்று சொன்னால் மட்டும் போதாது, அதை இயக்கும் முறை என்ன என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். ‘முதலாமவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்றிருந்தால் முதலாமவர் உயிரோடு இருக்கும் வரை மற்றவர் தொட முடியாது. அவர் நினைவின்றிக் கிடந்தாலும் அதே நிலைதான். ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்றிருப்பதே பராமரிப்புக்கு உதவும். அன்றாடச் செலவுக்கான கணக்கை மட்டும் இப்படி மாற்றி, பெரிய தொகைகளைத் தனியே வைத்துக்கொள்வது பெற்றோருக்கும் நிம்மதி தரும். எல்லாப் பணத்தையும் ஒரு பிள்ளையின் கைக்குக் கொடுத்துவிட்டோம் என்ற மனத்தாங்கலும் வராது.

வைப்புத்தொகையில் மறைந்திருக்கும் சிக்கலைப் பலரும் அறிவதில்லை. ‘இருவரில் ஒருவர்’ என்று போட்டிருந்தாலும், முதிர்வுத் தேதியில்தான் ஒருவர் கையெழுத்தில் பணம் வரும். அதற்கு முன் முறிக்க வேண்டுமானால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. பக்கவாதம் வந்தவரின் கையெழுத்தைக் கேட்டுத்தான் அந்தப் பணம் நிற்கும். எனவே ஒரே பெரிய வைப்பாகப் போடாமல், வெவ்வேறு மாதங்களில் முதிரும் சிறு வைப்புகளாகப் பிரித்துப் போடுவதும், முன்கூட்டி முறிக்கும் அனுமதியை இருவரும் சேர்ந்து எழுத்தில் கொடுத்து வைக்க வங்கி இடம் தருமா என்று கேட்பதும் நல்லது.

உடல் மட்டும் தளர்ந்து, அறிவு தெளிவாக இருப்பவருக்கு வழி இருக்கிறது. கையெழுத்திட முடியாத நோயாளியின் கைவிரல் ரேகையையோ, அதுவும் இயலாதபோது கால்விரல் ரேகையையோ, வங்கி அறிந்த இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் பெற்றுப் பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் உள்ளது. சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். நான் போன கிளையில் இந்த அறிவுறுத்தலைக் கேள்விப்பட்டவர் எவரும் இல்லை. மேலாளருக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றதற்கான முத்திரையை வாங்கிய பிறகுதான் அலுவலர் வீட்டுக்கு வந்தார். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

அறிவுத் தெளிவு போய்விட்டால் நிலைமை முற்றிலும் வேறு. இங்கேதான் ‘பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம்’ என்று நம்பியிருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநலம் இழந்தவுடன் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதாவது, மறதி நோய் முற்றி அப்பத்திரம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாததாகிறது. வேறு சில நாடுகளில் உள்ள, மனநிலை இழந்த பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்குப் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வகைசெய்கிறது. சொத்தை நிர்வகிக்க அது யாருக்கும் அதிகாரம் தருவதில்லை. அந்நிலையில் குடும்பத்துக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலராக நியமிக்கக் கோருவதுதான். மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்துப் பட்டியல், வழக்கறிஞர் கட்டணம் என்று அது இழுக்கும் காலம் முழுவதும் உதவியாளருக்கு உங்கள் கையிலிருந்துதான் சம்பளம் போகும்.

இதைத் தவிர்க்க முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. சொத்தும் வைப்புகளும் கணிசமாக இருந்தால், 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின்படி ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, பெற்றோரைப் பயனாளிகளாகவும் நம்பகமான இருவரைப் பொறுப்பாளர்களாகவும் வைக்கலாம். பெற்றோரின் மனநிலை மாறினாலும் அது செயல்படும். எழுதித் தர வழக்கறிஞர் தேவை, வரிக் கணக்கும் தனியே உண்டு என்பதால் சிறிய தொகைக்கு அது பொருந்தாது. நடுத்தரக் குடும்பத்துக்குச் சரியான இயக்க முறையுள்ள கூட்டுக் கணக்கும், பிரிக்கப்பட்ட வைப்புகளும், எல்லாக் கணக்குகளிலும் நாமினி பதிவும் போதுமானவை. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நால்வர் வரை நாமினிகளை நியமிக்கலாம். நாமினியின் உரிமை கணக்குக்காரர் இறந்த பிறகே தொடங்கும். அவர் நோயுற்றிருக்கும்போது நாமினியாக இருப்பதால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

கைபேசி எண்ணையும் மறந்துவிடக் கூடாது. ஆதாரிலும் வங்கியிலும் பதிவான எண் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் முடங்கிப்போனால் ஓ.டி.பி. கேட்கும் எல்லா வழிகளும் அடைபடும். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்துவிடுவதால், ஓய்வூதியருக்கான ஆண்டு வாழ்நாள் சான்றை முக அடையாளத்தின் மூலம் வீட்டிலிருந்தே அளிக்கும் வசதியை ஒருமுறை பழகிப் பார்த்துவிடுங்கள்.

5. வீட்டை எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள்

‘பிள்ளை பார்த்துக்கொள்வான்’ என்று செட்டில்மெண்ட் எழுதிவிடும் பெற்றோர், பராமரிப்புக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடிய ஒரே பெரிய சொத்தை அன்றே இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000 ரூபாய் என 2023 ஜூலையில் திருத்தப்பட்டது. செலவு குறைவு என்பதே பலரை இதில் இறக்கிவிடுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமையையும், அடிப்படை வசதிகளையும் மருத்துவத் தேவைகளையும் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாத வழக்குகளில் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒரே மாதிரி அமைந்ததில்லை என்பதால் வாசகத்தில் சிக்கனம் வேண்டாம். விருப்பம் வாரிசுக்குச் சேர்ப்பதுதான் என்றால் உயில் போதும். அதற்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை, தெளிந்த மனநிலை இருக்கும் வரை எந்நாளும் மாற்றலாம்.

வீடு மட்டும் இருந்து கையில் பணம் இல்லாதவர்களுக்கு ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ எனப்படும் மறு அடமானக் கடன் என்ற வழி 2007 முதல் இருக்கிறது. 60 வயது நிறைந்தவர், தாம் சம்பாதித்து வாங்கிக் குடியிருக்கும் வீட்டை அடமானமாக வைத்து, வங்கியிடமிருந்து மாதந்தோறும் பணம் பெறலாம். அது வருமானமாகக் கருதப்படாததால் வரி இல்லை, உயிரோடு இருந்து அவ்வீட்டில் வசிக்கும் வரை திருப்பிக் கட்டவும் வேண்டியதில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகிய அனைத்தும் அவர் பெயரில் சரியாக இருக்க வேண்டும். பூர்வீகச் சொத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. இதிலுள்ள பொறி என்னவென்றால், கடன் பெற்றவரும் துணைவரும் தொடர்ந்து ஓராண்டு அவ்வீட்டில் வசிக்காவிட்டால் நிரந்தரமாக வெளியேறியதாகக் கருதிக் கடனைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. ஆகவே முதியோர் இல்லத்துக்குப் போகும் வாய்ப்புள்ளவருக்கு இது ஏற்றதன்று. வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் இல்லக் கட்டணத்தைக் கட்டுவது எளிது.

6. ஊனமுற்றோர் சான்றையும் வரிச் சலுகைகளையும் விட்டுவிடாதீர்கள்

பக்கவாதத்தால் செயலிழந்த முதியவருக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. ‘வயதானவர்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். உடல்நிலை ஓரளவு நிலைபெற்ற பிறகு, ஆதார், புகைப்படம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றுடன் இணையவழியில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும். நடக்க முடியாதவரை அழைத்துப்போவது சிரமம் என்றாலும் பயன் நீடிக்கும். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இதில் இடமுண்டு. விண்ணப்பிக்க வேண்டியது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மூன்று கழிவுகள் உண்டு. மூத்த குடிமக்களான பெற்றோரின் காப்பீட்டு பிரீமியத்துக்கு, காப்பீடு இல்லாவிட்டால் அவர்களின் மருத்துவச் செலவுக்கு, 50,000 ரூபாய் வரை. ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்காக 75,000 ரூபாய், 80 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய். இதில் உண்மையான செலவு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மறதி நோய், பார்க்கின்சன், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களின் சிகிச்சைக்கு, நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1,00,000 ரூபாய் வரை. சிறப்பு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். இவற்றை 80-டி, 80-டிடி, 80-டிடிபி என்று அறிந்திருப்பீர்கள். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.

செலவைக் குறைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. வசதியுள்ளவர்களும் கூச்சமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம். எங்கே யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567ஐ அழையுங்கள்.

7. ஏஜென்சி, இல்லம்: பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஏஜென்சியிடம் முன்பணம் எவ்வளவு, எந்தச் சூழலில் திரும்பும், ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், மாற்று ஆள் வராத நாள்களுக்குக் கட்டணம் உண்டா, சம்பளத்தில் எவ்வளவு உதவியாளர் கைக்குப் போகிறது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வி அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் குறைவாகப் பெறுபவர் விரைவில் விட்டுப்போவார் என்பதால் அது உங்களுக்கும் தேவையான தகவல். உதவியாளரின் ஆதார் நகலும் நிரந்தர முகவரியும் முதல் நாளே உங்களிடம் இருக்க வேண்டும்.

முதியோர் இல்லம் என்றால் சமூகநலத் துறையில் பதிவு பெற்றதா என்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் வரும் மாதக் கட்டணம் நடமாடுபவருக்கானது. படுக்கையில் விழுந்தால் கட்டணம் எவ்வளவு உயரும், அந்நிலையில் வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பதே உண்மையான கேள்வி. திரும்பப் பெறும் வைப்புத்தொகைக்குத் திருப்பித் தரும் காலக்கெடுவும், இறப்பு நேர்ந்தால் யாரிடம் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சேர்ப்பதற்கு முன் ஒருமுறை முன்னறிவிப்பின்றி மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள்; இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

8. உடன்பிறந்தவர்களோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்

யார் பணம் தருவது, யார் உடனிருப்பது, உடனிருப்பவரின் உழைப்பைப் பங்காகக் கணக்கிடுவதா என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, எல்லாப் பங்கும் அதில் விழுந்து எல்லாச் செலவும் அதிலிருந்தே போனால், பிற்காலத்தில் எழும் பாதிச் சண்டைகளுக்கு விடை அதன் பாஸ்புக்கிலேயே இருக்கும்.

9. எப்போது, எதை முதலில் செய்வது

பெற்றோர் 55 முதல் 60 வயதுக்குள் இருந்தால் காப்பீட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனெனில் காத்திருப்புக் காலம் உடல் நன்றாக இருக்கும்போதே கழிந்துவிடும். 60 வயது நிறைந்த மாதத்தில் சேமிப்புத் திட்டங்களும் கணக்கு இயக்க முறையும். 70இல் ஆயுஷ்மான் அட்டை. தேவையற்ற தீவிர சிகிச்சையை நீட்டிக்க வேண்டாம் என்று கருதுபவர்கள், உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று 2023 ஜனவரியில் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற்று வைக்கலாம். இதைப் பெற்றோரே எழுப்பினால்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகள் தொடங்கினால் செலவுக்கு அஞ்சுவதாகவே அது கேட்கும்.

மறதி நோய் தொடக்க நிலையில்தான் கண்டறியப்பட்டது என்றால் வரிசை மாறும். நோயின் பெயர் சீட்டில் வந்துவிட்டதாலேயே ஒருவர் ஆவணம் எழுதும் தகுதியை இழந்துவிடுவதில்லை. எழுதும் நேரத்தில் தெளிவு இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி. எனவே உயில், கணக்கு மாற்றம், அறக்கட்டளை ஆகியவற்றை வரும் சில வாரங்களுக்குள் ஒரே தொடராகச் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவு நாளிலும், அன்றைய தேதியிட்டு ‘தெளிந்த மனநிலையில் இருக்கிறார், ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டார்’ என்று நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் சான்று வாங்கி ஆவணத்தோடு வையுங்கள். அந்த மருத்துவரே உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட ஒப்புக்கொண்டால் இன்னும் வலிமை. காலை நேரத்தில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்புவது இந்நோயில் வழக்கம் என்பதால், சார்பதிவகத்தில் காலை டோக்கனே எடுங்கள்.